பிள்ளையின் பல் வரிசையும் காப்பீட்டு அட்டையும்



தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று, எடையும் உயரமும் சரியாக இருக்கிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போய் வருகிறது என்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில் பெற்றோருக்குப் புதிதாக ஒரு கவலை வந்து சேரும். பால் பற்கள் விழுகின்றன. முளைத்து வரும் நிலைப்பற்களோ ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டோ, முன்னால் துருத்திக்கொண்டோ வருகின்றன. எலவனாசூர்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் வீடு வீடாகப் போகும்போது கீழ்க்கண்டவாறு ஒரு பேச்சு அடிக்கடி எழுகிறது.

மனைவி: சிஸ்டர், எங்க பெரிய பொண்ணுக்கு மேல் வரிசை முன்பல்லு எடுப்பா வந்துட்டுது. பள்ளிக்கூடத்துல பசங்க கிண்டல் பண்றாங்களாம். வாயைப் பொத்திக்கிட்டே பேசுது.

கணவர்: டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம். கம்பி கட்டினா சரியாயிடும், நாப்பதாயிரம் ஆகும்னாரு. இவ கம்மலை அடகு வைக்கலாம்னு பேசிக்கிட்டு இருந்தோம். எங்க மச்சான் வந்து, "ஏன் மாமா நகையை வைக்கிறீங்க, காப்பீட்டு அட்டை இருக்குதில்ல, அஞ்சு லட்சம் வரைக்கும் கவர்மெண்டே கட்டும்"னு சொல்றாரு. நிஜமா சிஸ்டர்?

செவிலியர்: அஞ்சு லட்சம்ங்கிறது நிஜந்தாங்க அண்ணே. ஆனா எந்த எந்த சிகிச்சைக்குன்னு அதுக்கு ஒரு பட்டியல் இருக்கு. வெறுமனே பல் வரிசையைச் சரிபண்ணக் கம்பி கட்டறது அதுல வராது. அதுக்காகக் கம்மலையும் அவசரப்பட்டு வைக்காதீங்க. பொண்ணுக்கு என்ன வயசு?

மனைவி: பதினொண்ணு முடிஞ்சு பன்னெண்டு நடக்குது சிஸ்டர்.

செவிலியர்: நல்ல வயசுதான் அக்கா. இப்ப போனா வழி இருக்கு.

அந்த வழி என்ன, அட்டை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதை விவரமாகப் பார்ப்போம்.

அட்டை எதற்குப் பணம் தரும்?

தமிழ்நாட்டில் ஏழைக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. ஒரு குடும்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். ஆளுக்கு ஐந்து லட்சம் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அது தவறு.

இந்தத் திட்டம் ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் பெரிய சிகிச்சைகளுக்காக ஏற்பட்டது. ஒருவர் திடீரென்று பெரிய ஆபரேஷன் செலவில் விழுந்து, நிலத்தை விற்கும் நிலைமை வரக்கூடாது என்பதே நோக்கம். ஆகவே பல் விஷயத்தில் அது ஒரு கோடு போட்டிருக்கிறது. அழகுக்காகவும் சீர் செய்வதற்காகவும் செய்யும் பல் வேலை, சொத்தை அடைப்பது, வேர் சிகிச்சை இவற்றுக்குப் பணம் கிடையாது. ஆனால் நோயாலோ காயத்தாலோ ஏற்பட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்ய வேண்டிய வேலையானால் உண்டு. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தாடை எலும்பு முறிந்தால் உண்டு. தாடையில் கட்டி வந்து அறுத்தெடுக்க வேண்டுமானால் உண்டு. தாடை மூட்டு இறுகிப்போய் வாய் திறக்க முடியாத பிள்ளைக்கு ஆபரேஷன் செய்யவும் உண்டு. பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்து பிறந்த குழந்தைக்கு உண்டு. இதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறோம்.

எடுப்புப் பல்லை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிடுவதில் நமக்கு முழுச் சம்மதமில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு பாடம் ஒப்பிக்கும்போது அது அழகு மட்டுமா? முன்பல் மிகவும் துருத்தியிருக்கும் பிள்ளை ஓடியாடி விழுந்தால் முதலில் உடைவதும் அந்தப் பல்தான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேராமல் சோற்றைக் கடிக்க முடியாத பிள்ளைகளும் உண்டு. வெளிநாடுகளில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பல் கோளாறை 1 முதல் 5 வரை தரம் பிரித்து, 4, 5 ஆகிய கடுமையான தரங்களுக்கும், 3-இல் பார்வைக்கு மோசமாக இருப்பவற்றுக்கும் அரசே செலவை ஏற்கிறது. ஜெர்மனியில் 2002 முதல் இதே மாதிரி ஐந்து தரம். 3 முதல் 5 வரை உள்ளவர்களுக்குக் காப்பீடு கட்டும். பெற்றோர் முதலில் நூற்றுக்கு 20 பங்கு கையிலிருந்து போட வேண்டும். பாதியில் நிறுத்தாமல் சிகிச்சையை முடித்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். பாதியில் விடுகிறவர்களை நிறுத்தி வைக்க நல்ல யோசனைதான்! நம் நாட்டில் இந்த அளவுகோல் காப்பீட்டுக்குள் வரவில்லை.

அப்படியானால் கம்பி கட்ட என்ன வழி?

அரசு பல் மருத்துவக் கல்லூரிகள்தான் வழி. நமக்குக் கிட்டத்தில் இருப்பது சிதம்பரம் அண்ணாமலை நகரிலுள்ள கல்லூரி. ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி என்று முன்பு பெயர். இப்போது அரசுக் கல்லூரி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இரண்டிலும் பல் சீரமைப்புக்கென்று தனித் துறை உண்டு. அங்கே மேல்படிப்புப் படிக்கும் பல் டாக்டர்கள், பேராசிரியர்களின் மேற்பார்வையில் கம்பி கட்டுகிறார்கள். "படிக்கிற பிள்ளைங்க கையில விட்டுடுவாங்களா?" என்று பயப்பட வேண்டாம். அவர்கள் ஏற்கனவே பல் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பெரிய டாக்டர் பார்த்துத்தான் அடுத்ததற்குப் போவார்கள். அரசு நிர்ணயித்த கட்டணம் மட்டுமே. தனியாரிடம் கேட்பதில் ஒரு பகுதிதான் ஆகும்.

குறை என்னவென்றால் கூட்டம். பெயர் பதிந்து முறை வரக் காத்திருக்க வேண்டும். இன்னொன்று தூரம். இங்கிருந்து உளுந்தூர்பேட்டை போய், விருத்தாசலம் வழியாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்து திரும்ப ஒரு நாள் முழுதும் போய்விடும். கம்பி சிகிச்சை ஒன்றரை வருஷம் முதல் இரண்டு வருஷம் வரை நடக்கும். ஏறக்குறைய மாதம் ஒரு தடவை போக வேண்டும். இருபது, இருபத்தைந்து நாள் கூலியும் இரண்டு பேர் பஸ் செலவும் கணக்கில் வர வேண்டும். கரும்பு வெட்டு, அறுப்பு நாட்களில் யார் கூட்டிப் போவது என்று முதலிலேயே கணவனும் மனைவியும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். சித்தப்பாவோ அத்தையோ மாற்றி மாற்றிக் கூட்டிப் போகலாம். நாலு மாசம் போய்விட்டு நிறுத்தினால் கம்பியைச் சுற்றிச் சொத்தை விழுந்து, போன பல்லைவிட வந்த பல் மோசம் என்றாகிவிடும். இத்தனையும் கூட்டிப் பார்த்து, பக்கத்து டவுனிலேயே பார்ப்பது கட்டுபடியாகும் என்று தோன்றினால் அப்படியே செய்யலாம். ஆனால் மொத்தம் எவ்வளவு, பல் பிடுங்கவும் படம் எடுக்கவும் தனியா, கம்பி அவிழ்த்த பிறகு போடும் தட்டு அதில் சேர்ந்ததா என்று எழுதி வாங்கிக்கொண்டு, தவணையில் கட்டக் கேளுங்கள். பெரும்பாலான டாக்டர்கள் மாதத் தவணைக்கு ஒத்துக்கொள்வார்கள். கந்துவட்டிக்கு வாங்கிக் கம்பி கட்டாதீர்கள்.

முதலில் நேரே சிதம்பரத்துக்குப் பஸ் ஏறவும் வேண்டாம். பல் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். பிள்ளைக்குக் கம்பி தேவையா, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கலாமா என்று அந்தப் பல் டாக்டர் சொல்வார். கடிதம் கொடுத்து அனுப்பினால் அங்கே வேலை சுலபம். பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் கேட்கலாம். 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி இந்தக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் அரசுப் பள்ளிக்கு ஒரு தடவையும் வர வேண்டும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். கல்வராயன் மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் குழு வரும் நாள்தான் நல்ல சந்தர்ப்பம். அன்றைக்குப் பிள்ளையைக் காட்டுக்கோ ஆடு மேய்க்கவோ அனுப்பிவிடாதீர்கள்.

பிடுங்கினால் கண் போகுமா?

இடம் போதாத தாடையில் நாலு பல்லைப் பிடுங்கிவிட்டு மற்றதை வரிசைப்படுத்துவது இந்தச் சிகிச்சையில் சகஜம். "மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும்" என்று பாட்டிமார் தடுத்து, பாதியில் திரும்பிய குடும்பங்கள் உண்டு. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வைக்கான நரம்பு வேறு. பல் பிடுங்குவதால் பார்வைக்கு எந்தக் கெடுதலும் வராது.

தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்பதும் நம் பக்கத்தில் ஒரு பேச்சு. ஒரு பல் சற்றே தெத்தியிருந்து, பிள்ளைக்கும் அதில் வருத்தமில்லை, கடிப்பதிலும் சிரமமில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம். எல்லாப் பல்லும் நூல் பிடித்தாற்போல இருக்க வேண்டுமென்று சட்டம் ஏதும் இல்லை. பெண் பார்க்க வருகிறவர்களுக்காகப் பிள்ளையின் வாயில் இரண்டு வருஷம் கம்பி மாட்டுவதானால் அந்தப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வயது விஷயம் முக்கியம். ஏழு வயதில் ஒருமுறை பல் டாக்டரிடம் காட்டுவது நல்லது. கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், பிள்ளை வளரும் வயதில் கழற்றி மாட்டும் தட்டு ஒன்றைக் கொடுத்து வளர்ச்சியை ஒழுங்குபடுத்தலாம். வளர்ச்சி நின்றுவிட்ட பிறகு அந்த வழி அடைபட்டுப்போகும். நிலையான கம்பி பெரும்பாலும் 12, 13 வயதில் கட்டுகிறார்கள். கம்பி அவிழ்த்ததும் வேலை முடியவில்லை. டாக்டர் கொடுக்கும் தட்டைச் சொன்ன காலம் வரை மாட்டாவிட்டால் பல் பழைய இடத்துக்கே நடந்து போகும்.

செலவே வராமல் தடுக்கும் வழியும் கொஞ்சம் இருக்கிறது. "பால் பல்தானே, விழுந்துவிடும்" என்று சொத்தையை விட்டுவிடுவதுதான் நாம் செய்யும் பெரிய தவறு. பால் பல் நிலைப்பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது. அது காலத்துக்கு முன்பே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். வர வேண்டிய பல் வழியில்லாமல் வெளியே துருத்தும். ஆறு வயதில் கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல் பால் பல் அல்ல, ஆயுள் முழுதும் இருக்க வேண்டிய பல். நான்கு வயதுக்கு மேலும் விரல் சூப்பும் பிள்ளையை அடிக்காமல், வேப்பெண்ணெய் தடவாமல், நல்ல வார்த்தை சொல்லி நிறுத்துங்கள். எப்போதும் வாயைத் திறந்து மூச்சு விடும் பிள்ளைக்கு மூக்குச் சதை இருக்கிறதா என்று காது மூக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும். விழுந்து நிலைப்பல் முழுதாகப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டால், வேரைத் தொடாமல், பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பல சமயம் திரும்பப் பொருத்திவிடலாம்.

உதடு பிளந்து பிறந்த குழந்தை

காப்பீடும் அரசும் முழுத் துணையாக நிற்கும் இடம் இது. ஏறக்குறைய ஆயிரம் குழந்தைகளுக்கு ஒன்று இப்படிப் பிறக்கிறது. கர்ப்பிணி கிரகணத்தன்று வெளியே வந்தாள், அரிவாள்மணையில் காய் நறுக்கினாள், அதனால் வந்தது என்று மாமியார் வீட்டில் பழி சொல்வார்கள். இதில் ஒரு துளியும் உண்மை இல்லை. கருவில் முகம் உருவாவதே முதல் இரண்டு மூன்று மாதங்களில். உதடு இரு பக்கமிருந்தும் வந்து சேர வேண்டிய நேரத்தில் சேராமல் போவதுதான் பிளவு. பரம்பரை, நெருங்கிய சொந்தத்தில் திருமணம், புகை, மது, சத்துக் குறைவு, சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவை வாய்ப்பை ஓரளவு கூட்டலாம். வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண் கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக் கேட்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. குழந்தைக்குத் திட்டமிடும்போதே போலிக் அமில மாத்திரை தொடங்குவது நல்லது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் காரணம் எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆகவே கணவன்மார்களே, அந்த நேரத்தில் மனைவிக்குத் துணையாகப் பேசுவது உங்கள் கடமை.

முதல் கவலை பால் குடிப்பது. அண்ணம் பிளந்திருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது. பால் மூக்கு வழியே வரும். தாய்ப்பாலைப் பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையிலோ கரண்டியிலோ கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடச் செய்யுங்கள். எடை ஏறினால்தான் ஆபரேஷன் நாள் குறிப்பார்கள். எடை நாலரை கிலோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 10 கிராம் என்பது வெகுகாலமாக உள்ள கணக்கு.

உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் சேர்ப்பார்கள். அண்ணத்தை ஒன்பது மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள், பேச்சு வருவதை ஒட்டிச் செய்வார்கள். பல குடும்பங்கள் உதட்டோடு நிறுத்திவிடுகின்றன. முகம் சரியாகிவிட்டது, இனி என்ன என்று நினைக்கிறார்கள். அண்ணம் மூடாத பிள்ளை மூக்கால் பேசும், காதில் சீழ் வரும், பள்ளிக்கூடத்தில் பின்தங்கும். அண்ணத்துக்குப் பிறகு பேச்சுப் பயிற்சி. எட்டு முதல் பதினோரு வயதுக்குள் ஈறிலுள்ள பிளவில் எலும்பு வைப்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல்லுக்குக் கம்பி தேவைப்படும். இந்தப் பிள்ளைக்குக் கம்பி என்பது அழகு வேலை இல்லை. எலும்பு நிற்கவும் பல் முளைக்கவும் அது வேண்டும்.

ஆபரேஷன்களுக்குக் காப்பீட்டு அட்டை செல்லும். கம்பிக்கு, பிளவு சிகிச்சை மையத்திலேயே கேளுங்கள். ஸ்மைல் டிரெயின் என்ற தொண்டு நிறுவனம் தன்னுடன் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் பிளவு ஆபரேஷனை இலவசமாகச் செய்ய உதவுகிறது. பல மையங்களில் பேச்சுப் பயிற்சிக்கும் பல் சீரமைப்புக்கும் உதவி உண்டு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவ நிறுவனம், நமக்குப் பக்கத்து மாவட்டமான திருவண்ணாமலையில் ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்துப் பணியாளர்களாக்கி, பிளவுள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்கு அருகிலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்கச் செய்தது. மாதாமாதம் சென்னைக்குப் போக முடியாதவர்களுக்கு அது பெரிய உதவியாயிற்று. பிரசவமான ஆஸ்பத்திரியிலேயே செவிலியரிடம் சொல்லிவிட்டால், குழந்தையைச் சிறார் நலத் திட்டத்தில் பதிந்து மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள்.

அட்டை எடுக்க

குடும்பத்தின் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் மனுச் செய்து வருமானச் சான்று வாங்கி, குடும்ப அட்டை, ஆதார் அட்டைகளுடன் கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குக் குடும்பத்தோடு போக வேண்டும். இலங்கைத் தமிழர் முகாம்களில் இருப்போருக்கு வருமான வரம்பு இல்லை. புதிதாகப் பிறந்த குழந்தையின் பெயரைக் குடும்ப அட்டையில் தள்ளிப்போடாமல் சேருங்கள். ஆபரேஷன் நாளில் பெயரில்லை என்று அலைய வேண்டாம். சேரும் ஆஸ்பத்திரி திட்டத்தில் உள்ளதா, இந்தச் சிகிச்சை பட்டியலில் உள்ளதா என்று அங்குள்ள காப்பீட்டு அலுவலரிடம் முதலில் கேளுங்கள். ஆஸ்பத்திரி முன் அனுமதி வாங்கிய பிறகே ஆபரேஷன். உங்களிடம் பணம் கேட்கக் கூடாது.

"அட்டையைக் கொடுங்க, கம்பி கட்டறதை வேற ஆபரேஷன்னு எழுதி முடிச்சுத் தர்றோம்" என்று முகாமிலோ தரகர் மூலமோ யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். அது பொய்க் கணக்கு. செய்யாத ஆபரேஷனுக்குப் பணம் எடுத்தால் உங்கள் குடும்பத்தின் அந்த வருஷத் தொகைதான் குறையும். நாளைக்குத் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வந்தால் மிச்சம் எவ்வளவு இருக்கும்? அட்டை இருந்தும் பணம் கேட்டாலோ, சந்தேகம் இருந்தாலோ 1800 425 3993 என்ற காப்பீட்டுத் திட்ட எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம். மற்ற மருத்துவ ஆலோசனைக்கு 104. பேசும்போது அட்டை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.